டிப் ஒட்டும் முன் துடைக்கும் துணி

திருப்பூரில் நான் வேலை பார்த்த பில்லியர்ட்ஸ் கிளப்புக்கு இப்போது கார்பன் கியூ வந்துவிட்டது. அதில் மரம் இல்லை. வளையாது, வெயிலுக்கு அஞ்சாது, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். எனக்குப் பிறகு அங்கே சேர்ந்த இரண்டு பெண்கள் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"உங்க செக் லிஸ்ட் ஒண்ணு இருக்குதாமாங்க்கா. அதைய அப்படியே எழுதிக் குடுத்தீங்கன்னா ஃபைல்ல வெச்சுக்குவோம்" என்றாள் ஒருத்தி.

பட்டியல் எழுதுவது எனக்குக் கை வந்த வேலை. அவர்கள் போனதும் உட்கார்ந்தேன். பதினொரு வரி நிற்காமல் வந்தது. பன்னிரண்டாவது வரி துணியைப் பற்றியது. அதை எழுதிவிட்டு நிறுத்தினேன். அந்த வரி ஏன் சேர்ந்தது என்று சொல்லாமல் வரியை மட்டும் கொடுத்தால் ஒரு வருடத்தில் யாராவது அதை அடித்துவிடுவார்கள். கார்பன் கியூவிலும் நுனியில் இருப்பது பசை வைத்து ஒட்டிய தோல்தான். அதனால் பட்டியலோடு இதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் சிரிக்கிறார்கள். எனக்கு முப்பத்தாறு வயது. பதினொரு வருடம் தோலைச் சீவியும் தேய்த்தும் வலது கட்டைவிரலின் அடியில் தசைநார் வீங்கிவிட்டது. இந்த வேலையை விட்டால் விரல் மிஞ்சும் என்றார் மருத்துவர். விட்டுவிட்டேன்.

வேலை இன்னதென்று தெரியாதவர்களுக்காக: மேசைமேல் பந்தை அடிக்கும் கோலுக்குக் கியூ என்று பெயர். நடுவில் திருகிக் கழற்றி, இரண்டு துண்டாக உறையில் போடலாம். மெல்லிய முனையில் வெள்ளையாக ஒரு பூண் இருக்கும். அது ஃபெரூல். அதன் தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தோல் வட்டு ஒட்டியிருக்கும். அது டிப். பந்தைத் தொடுவது அது ஒன்றுதான். எவ்வளவு உயர்ந்த கியூவாக இருந்தாலும் ஆட்டம் அந்தத் தோலை நம்பியிருக்கிறது. தோல் ஒரு துளி பசையை நம்பியிருக்கிறது.

நான் படித்தது நிட்வேர் டெக்னாலஜி டிப்ளமா. நான்கு வருடம் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். துணியின் நிறம் ஒத்துப்போகிறதா, துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது, தண்ணீரை உறிஞ்சுகிறதா என்று பார்த்து எழுதுவது வேலை. எங்கள் பட்டறைக்குச் சாயத்துக்குத் துணி அனுப்பும் ஏற்றுமதியாளர்களில் ஒருவர் நாச்சிமுத்து சார். அவர்தான் கிளப்பின் செயலாளர். ஒருநாள் என் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிளப்புக்குச் சின்னதா ஒரு லேத் வாங்கியிருக்கறனுங்க. கியூவ ரிப்பேர் பண்றதுக்கு ஆள் பத்துப் பேர் கெடைப்பாங்க. பண்ணுனதைய எழுதி வெக்கறதுக்குத்தான் ஆளில்ல" என்றார். பெங்களூரிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் பத்து நாள் காட்டிக்கொடுத்தார். மீதியை நானே நாற்பது, ஐம்பது டிப்பைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டேன்.

கிளப்பின் உறுப்பினர்கள் பெரும்பாலும் பனியன் தொழிலில் இருப்பவர்கள். எதையும் தங்கள் கம்பெனியில் செய்கிற முறையில்தான் செய்வார்கள். கியூவின் திருகாணியில் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றுவார்கள். ஊர் முழுக்கப் பறக்கும் பஞ்சுத் தூசு அதில் ஒட்டிக் கெட்டியாகி, கியூ கழலாமல் நிற்கும். ஒருவர் வளைந்த கியூவோடு வந்தார்.

"எப்படீங்க இந்தளவுக்கு வளைஞ்சுது?"

"முன்ன கொஞ்சந்தானுங்க வளைஞ்சிருந்துது. நம்ம அயர்னிங் டேபிள்ல போட்டு ஸ்டீம் குடுத்து நீவுனேன். பேண்டுக்கு மடிப்பு எடுக்கறதில்லீங்களா, அதாட்டம்."

"நிமிந்துதுங்களா?"

"நிமிந்துது. நிமிந்துபோட்டு அந்தப் பக்கமாச் சாஞ்சுக்கிச்சு."

சிரித்துக்கொண்டே பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்: "கியூவுக்கு நீராவி காட்டக் கூடாது." இப்படித்தான் என் பட்டியல் வளர்ந்தது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாராவது ஒருவர் செய்த தவறு இருந்தது. அந்த யாராவது எப்போதும் வேறொருவராகவே இருந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாச்சிமுத்து சார் திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவார். உட்கார மாட்டார். ரெஜிஸ்டரை நின்றபடியே படிப்பார். கையில் ஒரு பென்சில். தவறு கண்ட இடத்தில் எதுவும் எழுதாமல் கடுகளவுக்கு ஒரு வட்டம் போடுவார். அதைப் பற்றிப் பேச மாட்டார். நான் கேட்டால், "உங்களுக்கே தெரியுமுங்களே அம்மிணி" என்பார். பிறகு ஏதாவது ஒரு கியூவை எடுத்து மேசைமேல் உருட்டிவிட்டு, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, நுனி துள்ளுகிறதா என்று பார்ப்பார். போகிற போக்கில் என் மேசைமேல் கிடக்கும் துணியை இரு விரலால் நெருடி, அதன் கனத்தைக் கிராம் கணக்கில் சொல்வார். தராசில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஐந்து கிராமுக்குமேல் தப்பியதில்லை. கடிந்து பேசும் மேலாளர்களிடம் வேலை செய்தவள் நான். இவரிடம் இருந்த பயம் வேறு. அந்தக் குட்டி வட்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தனியே வந்து ரெஜிஸ்டரைச் சரிபார்த்திருக்கிறேன்.

துடைக்கும் துணி அவர் கம்பெனியிலிருந்தே வந்தது. முதலில் வந்தது சாயத்துக்குப் போகாத கோராத் துணியின் கழிவு. சொரசொரப்பாக, பருத்தி விதையின் கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். ஒரு ஜூன் மாதம், ஒரு உறுப்பினருடைய புதுக் கியூவின் வார்னிஷில் அந்தத் துணி மெல்லிய கீறல் போட்டுவிட்டது. திங்கள்கிழமை நான்தான் கேட்டேன்.

"துணி கொஞ்சம் மெத்துன்னு கெடைக்குங்களா சார்?"

அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "திருப்பூர்ல இருந்துட்டு மெத்துன்னு துணி கெடைக்குமான்னு கேக்கறீங்களே. ஊட்டுக்குப் போயி சொல்லிராதீங்க, சிரிப்பாங்க."

மறுநாளே இரண்டு மூட்டை வந்தது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்குத் தைக்கும் உடுப்பின் வெட்டுத் துண்டுகள். வெள்ளை, வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை. கன்னத்தில் வைத்தால் எடுக்க மனம் வராது. பழைய மூட்டையை வெளியே போடச் சொன்னேன். ரெஜிஸ்டரில் ஒவ்வொரு வேலைக்கும் பதினொரு கட்டம் வைத்திருந்தேன்: டிப்பின் வகை, பசையின் பெயர், காயவிட்ட நேரம், அறையின் ஈரப்பதம், இன்னும் பல. துணிக்குக் கட்டம் இல்லை. துணி ஒரு பொருளாகவே என் கண்ணில் படவில்லை. ஆற்றோர ஊரில் தண்ணீரை யாரும் எழுதி வைப்பதில்லை அல்லவா, அப்படி.

ஜாஸ்மினைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

கிளப்பின் பகல் வாட்ச்மேன் அந்தோணி அண்ணன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்து, முதுகு போனதும் கேட்டில் உட்கார்ந்தவர். அவருடைய மகள் ஜாஸ்மின். ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. பள்ளி நாட்களில் அப்பாவுக்குச் சோறு கொண்டுவரும்போது ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். நாச்சிமுத்து சார் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார். கோயில் முடிந்து அப்பாவும் மகளும் வருவார்கள். அவள் ஆடும்போது அந்தோணி அண்ணன் வாசலில் நின்று பார்ப்பார். உள்ளே வர மாட்டார்.

"உள்ள வந்து உக்காந்து பாருங்கண்ணா" என்றால், "வேண்டாம்மா. நா பாத்தா அவ நல்லா ஆடுதேன்னு காட்டப் பாப்பா. அப்பதான் தப்பு விடுவா" என்பார்.

அந்த ஆகஸ்டில் கோவையில் மாநிலத் தேர்வுப் போட்டி. ஒன்பது பந்து ஆட்டம். பெண்களில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. வயது வரம்பு இருபத்தைந்து. ஜாஸ்மினுக்கு அக்டோபரில் இருபத்தைந்து முடிகிறது. இன்னொரு தேர்வுக்கு அவளுக்கு வயது இருக்காது. இது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை மாலை கியூவைக் கொண்டுவந்தாள்.

"டிப்பு தேஞ்சு போச்சுக்கா. புதுசு போட்டா பழகுததுக்கு ரெண்டு நாளாவது வேணும்லா. இன்னைக்கே போட்டுருவியளா?"

"இப்பவே போடறேன் கண்ணு. நின்னு பாரு."

நின்று பார்த்தாள். நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். எத்தனையோ முறை மனதில் செய்து பார்த்த வரிசை இது.

பழைய டிப்பைப் பிளேடால் சீவினேன். ஃபெரூலின் தலையை லேத்தில் வைத்து, பழைய பசையை எடுத்துச் சமப்படுத்தினேன். நேர்விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். இடுக்கில் ஒளி வரவில்லை. புது டிப்பின் அடியை உப்புத்தாளில் எட்டு வடிவத்தில் தேய்த்தேன். மெஷின் தூசு போக ஃபெரூலைத் துணியால் துடைத்தேன். பிறகு அதே துணியில் ஸ்பிரிட்டை நனைத்து இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தேன். உலரவிட்டு, ஒரு துளி பசை வைத்து, டிப்பை நடுவில் அமர்த்திக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். பசை காய்ந்ததும் ஓரம் சீவி, பக்கவாட்டை மெருகிட்டு, தலையை ஒரு ரூபாய் நாணயத்தின் வளைவுக்குக் கொண்டுவந்தேன். கட்டை விரலால் பக்கத்திலிருந்து தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. பதினொரு கட்டமும் நிரப்பினேன்.

ஜாஸ்மின் மேசைக்குப் போய் நான்கு பந்து அடித்துப் பார்த்தாள். "சத்தமே நல்லாருக்குக்கா" என்றாள்.

ஞாயிறு தேர்வில் நடந்ததை அவள் வாயால் திங்கள்கிழமை மதியம்தான் கேட்டேன். முதல் இரண்டு இடத்தை முடிவு செய்யும் போட்டி. ஏழு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஆறுக்கு ஆறு என்று சமமாக நின்றார்கள். கடைசி ஆட்டத்தில் மேசையில் மூன்று பந்து. மூன்றும் அவளுக்கு எளிய இடத்தில்.

"ஏழாம் நம்பர அடிச்சேன். பந்து குழிக்கு ஓரத்துல போயி நின்னுட்டு. என்னத்த கோணலா அடிச்சிட்டம்னு பாத்தா, மேசைல சின்னதா ஒண்ணு உருண்டு போவுது. டிப்பு." கைக்குட்டையைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். "வேற கியூ எடுத்துக்கோன்னாவ. எடுத்தேன். எதிர ஆடுன பிள்ளதான் அதுக்குள்ள முடிச்சிட்டே."

அழவில்லை. டிப்பையும் கியூவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுனாலக்கா வந்துச்சு?"

லென்ஸை எடுத்தேன். பசை முழுவதும், ஒரு தகடுபோல, டிப்பின் அடியில் இருந்தது. ஃபெரூலின் தலை கழுவிய பீங்கான்போலச் சுத்தமாக இருந்தது. பசை கெட்டிருந்தால் இரண்டு பக்கமும் பிய்ந்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் வழுக்கிவிட்டது என்றால் அந்தப் பரப்பில் ஏதோ இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணில் பட்டதை அப்படியே ரெஜிஸ்டரிலும் எழுதினேன். ஆனால் என் பதினொரு கட்டத்திலும் தவறு இல்லை. ஆகையால் தவறு வெளியே எங்கோ இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"போறப்ப பஸ்ல கியூவ எங்க கண்ணு வெச்சிருந்தீங்க?"

யோசித்தாள். "கூட்டமா இருந்துச்சு. யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னு அப்பா டிரைவர் பக்கத்துல எஞ்சின் மூடி மேல சாச்சு வச்சிருந்தாவ."

"எஞ்சின் மூடி மேலயா? அதுதாங் கண்ணு. அந்தச் சூட்டுக்குப் பசை எளகியிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னேன். ஐந்து விநாடி ஆகியிருக்கும். அவள் தலையை ஆட்டினாள். ரெஜிஸ்டரில் "காரணம்: பயணத்தில் வெப்பம்" என்று எழுதினேன். அடுத்த திங்கள் அந்தப் பக்கத்தில் பென்சில் வட்டம் எதுவும் விழவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் அந்தோணி அண்ணன் வேலையை விட்டு ஊருக்குப் போனார். கேட்டில் வேறு ஆள் உட்கார்ந்தார். முதுகு வலி அதிகமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. ஜாஸ்மினும் வரவில்லை. தோற்ற வருத்தம், ஆறியதும் வருவாள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை இன்னும் ஐந்து டிப் கழன்றன. அந்த ஐவரும் கியூவைக் கொண்டுவந்தது ஏசி காரில். பசையை மாற்றினேன், கம்பெனியை மாற்றினேன், காயவிடும் நேரத்தைக் கூட்டினேன். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மேசையைத் துடைக்கும்போது, தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு துடைக்கும் துணிமேல் விழுந்தது. அது உள்ளே இறங்கவில்லை. முத்துப்போல உருண்டு நின்றது.

நான்கு வருடம் ஆய்வுக்கூடத்தில் நான் தினமும் செய்த சோதனை அது. துணிமேல் ஒரு சொட்டு விட்டு, உறிஞ்ச எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவோம். உறிஞ்சாமல் நின்றால், கடைசித் தொட்டியில் சிலிக்கான் சாஃப்ட்னர் அதிகமாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதுவோம். துணி கன்னத்தில் மெத்தென்று படுவதற்குக் காரணம் அதுதான். சிலிக்கான் பட்ட இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் முழுதாகப் போகாது. நானோ ஸ்பிரிட்டையே அந்தத் துணியில் நனைத்து, அழுத்தி அழுத்திப் பூசியிருந்தேன். வேறு ஊரில் கியூ ரிப்பேர் செய்பவருக்கு இந்தத் தவறு வாய்த்திருக்காது. அவர் கடையில் ஒரு முழம் மல் துணி வாங்கியிருப்பார். திருப்பூரிலும் வேறு யார் செய்திருந்தாலும் தெரியாமல் செய்தது என்று விட்டுவிடலாம். அந்தக் கட்டடத்தில் இதைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

ரெஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினேன். புது மூட்டை வந்த ஜூனுக்கு முன்னால் இரண்டு வருடத்தில் கழன்ற டிப் ஒன்று. பிறகு ஆறு. முதலாவது ஜாஸ்மினுடையது.

திங்கள்கிழமை நாச்சிமுத்து சார் முன்னால் ஒரு துண்டுத் துணியை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அனுப்புனது நானுங்க" என்றார்.

"கேட்டது நானுங்க சார்."

பென்சிலைச் சட்டைப் பையில் வைத்தார். "மெம்பருங்களுக்கெல்லாம் ஒரு நோட்டீஸ் போட்றலாம். துணிய மாத்திப்போடுங்க. அந்தப் புள்ளைக்கு..." என்று நிறுத்தினார். "வயசு முடிஞ்சுபோச்சில்லீங்க?"

"முடிஞ்சுதுங்க."

"சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லோணும் அம்மிணி. நான் சொன்னா நல்லாருக்காது."

நோட்டீஸ் அன்றே ஒட்டினேன். "டிப் ஒட்டும் முன் துடைக்கும் துணி: சாஃப்ட்னர் படாத வெள்ளை மல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும்" என்று பன்னிரண்டாவது வரியைச் சேர்த்தேன். பதிமூன்றாவதாகச் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அதை நான் எழுதவில்லை. ஒரு தாளில் சொல்வதற்கான காரணங்கள், சொல்லாமல் இருப்பதற்கான காரணங்கள் என்று இரண்டு பத்தி போட்டேன். அவளுக்கு இனி வேலை வரப்போவதில்லை. ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம். சொன்னால் லேசாகப்போவது என் மனது மட்டும். இரண்டாவது பத்தி நீளமாக இருந்தது. தாளை மடித்து டிராயரில் வைத்தேன். டிசம்பர் போயிற்று. ஜனவரி, பிப்ரவரி போயின.

மார்ச்சில் ஓர் உறுப்பினர் ஒரு கியூவைக் கொண்டுவந்து டிப் மாற்றச் சொன்னார். உறையைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பிடியில் சிவப்பு நூல் சுற்றியது நான்தான்.

"இது ஜாஸ்மினோடதாச்சுங்களே?"

"அந்தப் புள்ளகிட்டத்தானுங்க வாங்குனேன். இப்ப வெள்ளகோவில் பக்கம் ஒரு கம்பெனில இருக்குது, ஆஸ்டல்லயே தங்கிட்டு. எனக்கு ஆட்டமே வேண்டாமுங்கன்னு குடுத்துருச்சு." நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லிக்கொண்டே போனார். "அப்பனும் புள்ளையும் பேச்சு வார்த்தை இல்லீங்களாமா. பஸ்ஸுல சூட்டுல வெச்சுக் கெடுத்துப்போட்டாருன்னு அந்தப் புள்ள ஒரு வார்த்தை சொல்லிருச்சாமா. அந்தாளு மறு வார்த்தை பேசாம மூட்டையக் கட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது என்றேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கம்பெனி கேட்டில் பெயரைச் சொல்லிக் காத்திருந்தேன். மதிய உணவு மணி அடித்ததும் ஜாஸ்மின் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரை நிழலில் நின்றோம்.

"கியூ வந்துச்சாக்கா உங்ககிட்ட? நல்லா வச்சிருக்காவளா?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். துணி, சாஃப்ட்னர், சொட்டுத் தண்ணீர், பிறகு கழன்ற ஐந்து. எஞ்சின் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். தப்பாகத் தைத்த உருப்படியைச் செக்கிங் மேசையில் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பக்கா தெரியும் உங்களுக்கு?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. "நவம்பர்ல."

"கிறிஸ்துமஸுக்கு முந்தியா?"

"ஆமா கண்ணு."

"கிறிஸ்துமஸுக்கு நா ஊருக்குப் போவலக்கா" என்றாள். "அப்பா மூஞ்சில எப்படி முழிக்கன்னு போவல."

மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. கைப்பேசியை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க. நா பேசுனா மொதல்ல மன்னிச்சிருங்கன்னு சொல்லணும். அது பொறவு. மொதல்ல அப்பா இத கேக்கட்டும்."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "ஏட்டி, என்ன? மேலுக்கு ஒண்ணுமில்லையே?" ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது.

"அந்தோணி அண்ணா, நானுங்க. கிளப்புல கியூ ரிப்பேர் பண்ணிட்டிருக்கறனே. ஜாஸ்மினுக்கு ஒண்ணுமில்லீங்க. பக்கத்துலதான் நிக்கறாங்க."

"சொல்லுங்கம்மா."

சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் எங்கோ ஓர் ஆடு கத்தியது.

"அப்போ எஞ்சின் சூட்டுல இல்லன்னு சொல்லுதியளா?"

"இல்லீங்கண்ணா. நீங்க வெச்ச எடத்துல தப்பே இல்லீங்க. நான் ஒட்டுனதுலதான் தப்பு."

"மேல கேரியர் காலியாத்தான் இருந்துச்சு" என்றார். "அங்கன வச்சிருக்கலாமேன்னு தெனமும் நெனப்பேன். காலைல எந்திரிச்சதும் அதுதான் நெனப்பு."

"அங்க வெச்சிருந்தாலும் டிப்பு கழண்டிருக்குமுங்கண்ணா."

பிறகு, "இத அவகிட்ட சொல்லிட்டியளா?"

"சொல்லிட்டனுங்க."

"என்ன சொல்லுதா?"

ஜாஸ்மினைப் பார்த்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சைக்கிள்களைப் பார்த்தபடி நின்றாள்.

"கேட்டுட்டு இருக்கேன்னு சொல்லுங்க" என்றாள்.

"கேட்டுட்டு இருக்காங்கண்ணா."

உணவு நேரம் முடிந்த மணி அடித்தது. பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு எங்களைக் கடந்து உள்ளே போனார்கள். ஒருத்தி "ஏய் ஜாஸ்மின், லைன் ஓடப்போவுது" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். ஜாஸ்மின் நகரவில்லை. போனையும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் போனை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன்.